பெட்டி மூடியிருந்த வெள்ளிக்கிழமைகள்

கேள்வி கேட்டது பிரியா. எங்கள் சித்தூர் கோயிலில் இப்போது ஞாயிறு பூசைக்கு கீபோர்டு வாசிப்பவள் அவள்தான். ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறாள், ஞாயிறு பூசைக்கு வாசித்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்புகிறாள். போன தவக்காலத்தில் புதுப் பங்குத்தந்தை அவளைக் கூப்பிட்டு, பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் கீபோர்டை அணைத்துவிடு, ஈஸ்டர் இரவு பாஸ்கா பூசையில் மறுபடியும் அந்தக் கீதம் வரும்வரை தொடாதே என்று சொல்லிவிட்டார். நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“மைக்கு இருக்கலாமாம், ஃபேன் ஓடலாமாம், ஃபோன்ல லைவ் போகலாமாம். கீபோர்டு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு மாஸ்டர்?”

தெரிந்த பதிலைச் சொன்னேன். ஆண்டவர் பாடுபட்ட நாட்கள், திருச்சபை துக்கத்தில் இருக்கிறது, மணி கூட அடிப்பதில்லை, அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுகிறோம், கருவிகளெல்லாம் ஓய்ந்து வெறும் குரல் மட்டும் பாடுவது பழைய முறை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஆனால் சமாதானம் ஆகவில்லை. அவள் முகத்தில் இருந்ததை நான் நன்றாக அறிவேன். நான் இல்லாமல் பூசை நடந்துவிடுமா என்கிற முகம் அது. நான் இல்லாமல் இன்னும் நன்றாக நடந்து தொலைத்தால் என்ன செய்வது என்கிற முகம். வேலை பார்த்த காலம் முழுவதும் வருடத்துக்கு ஒரு முறை நான் அதை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் திரிந்தேன். அதனால் அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் அந்தோணி, மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், கோயிலில் பெட்டிக்காரன். பெட்டி என்றால் மடியில் வைத்து வாசிக்கும் சின்ன ஆர்மோனியம் இல்லை. ஆள் உயரத்துக்கு மரத்தில் செய்து, கீழே இரண்டு மிதிகட்டை வைத்து, காலால் காற்று ஏற்றி இரண்டு கையாலும் வாசிக்கும் கால்பெட்டி. கார்வேட்டிநகரத்துப் பக்கம் எங்கள் ஊர். நைனா என்னை போர்டிங்கில் சேர்த்துவிட்டுப் போனபோது அங்கே ஒரு பிரதர் இருந்தார், விரல் மடங்கினால் பிரம்பு விழும். கற்றுக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் சித்தூரில் வேலை கிடைத்தது. கற்றுக்கொண்டதாக நான் நினைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அங்கே வந்து முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. காரணம் பாதர் இன்னாசி.

பாதர் இன்னாசி அப்போது எங்கள் பங்குத்தந்தை. ஒல்லியான ஆள், வெற்றிலைக் காவி ஏறிய பல், எப்போதும் கசங்கிய வெள்ளை அங்கி. அவர் திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். ஒத்திகை நடக்கும்போது பின்னால் கைகட்டிக்கொண்டு உலாத்துவார். என் வாசிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே பெட்டி அருகே வந்து, முன்பக்கம் வரிசையாக இருக்கும் குமிழ்களில் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். குமிழை வெளியே இழுத்தால் சத்தம் கூடும், தள்ளினால் குறையும். நான் வயசுப்பையன், எல்லாக் குமிழையும் இழுத்து வைத்துக்கொண்டு முழக்குவேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் போவார். கடைசியில் ஒரே ஒரு குமிழ்தான் மிஞ்சும். அதோடுதான் ஞாயிறு பூசை.

வேலை என்னவென்று கேட்டால் இதுதான். பூசைக்கு முன்னால் கோயில் திறந்ததும் போய் மூடியைத் தூக்கி, ஒவ்வொரு கட்டையையும் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊறி ஏதாவது ஒரு கட்டை மாட்டிக்கொண்டு விடாமல் ஊதும். நற்கருணை எழுந்தேற்ற நேரத்தில் அப்படி ஊதினால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பிறகு சுருதி. பாதருக்குத் தாழ்ந்த குரல், அவர் எடுக்கும் இடத்துக்குக் கீழேயே தொட்டுக் கொடுக்க வேண்டும். ஜனங்களுக்கு அது எட்டாது. ஆகவே அவர் பாடி முடித்து ஜனங்கள் பதில் பாடுவதற்குள், யாருக்கும் தெரியாமல் படி ஏற்றிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் மூச்சு. பாடுகிறவர்களின் தோளைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். தோள் ஏறினால் மூச்சு வாங்குகிறார்கள் என்று அர்த்தம், அங்கே நான் கையைத் தூக்கியாக வேண்டும். பாதர் எனக்கு வாய் திறந்து சொன்ன ஒரே பாடம் இது: “பாட்டு முடியறதுக்கு முன்னாடி உன் கை முடியணும்டா. கடைசி சொல்லு தனியா நிக்கணும்.”

தனியா நிக்கணும். அந்த வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

எங்கள் கோயிலில் விடிகாலையில் தமிழ்ப் பூசை, அது முடிந்ததும் தெலுங்குப் பூசை. இரண்டு பாடற்குழு. வருடம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஓட்டிவிடலாம். பெரிய வெள்ளி மட்டும் அப்படி முடியாது, அன்றைக்கு வழிபாடு ஒன்றுதான். சிலுவை ஆராதனை நேரத்தில் ஊரே வரிசையில் வந்து சிலுவைப் பாதத்தை முத்தமிட்டு முத்தி செய்யும். அவ்வளவு நேரமும் யார் பாடுவது, எந்த மொழியில் பாடுவது என்று ஒவ்வொரு வருடமும் அடிதடிக்குப் போகும் அளவுக்குச் சண்டை. ஒரு தவக்காலத்தில் பாதர் இரண்டு குழுவையும் உட்காரவைத்து, இந்த வருடம் லத்தீனில்தான் பாட்டு, யாருக்கும் புரியாது, யாரும் சண்டை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே குரல், கருவி கிடையாது, பழைய ராகம். பாடப்போவது யார் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு வாத்தியார் நான்தானே. நானும் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பாதர் என்னைத் தாண்டிக் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைக் கை காட்டினார்.

அவள்தான் ரீத்தம்மா. நர்ஸ். மூன்று மாநிலம் சந்திக்கும் குப்பம் ஊரில் பிறந்தவள், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நாக்கில் புரளும். கல்யாணமாகிச் சித்தூர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டியூட்டிக்குத் தகுந்தபடி ஒரு வாரம் தமிழ்ப் பூசைக்கு வருவாள், ஒரு வாரம் தெலுங்குப் பூசைக்கு. எந்தக் கட்சியிலும் சேர்த்தி இல்லை. பாதர் அவளைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன். பெரிய வியாழன் வந்தது. எல்லா மணியும் அடிக்க, எல்லாக் குமிழையும் இழுத்துவிட்டு வானவர் கீதத்தை வாசித்தேன். அந்த ஒரு நாள் பாதர் குமிழ் பக்கம் வர மாட்டார். முடிந்ததும் மூடியைச் சாத்திப் பூட்டினேன். பாதர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சித்தூர் வெயில் தெரியுமல்லவா, அப்படிப்பட்ட வெயிலில் ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார் பாதர். விசிறி ஓடினால் குரல் நசுங்கும் என்றார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ரீத்தம்மா பாட ஆரம்பித்தாள்.

அந்தப் பாட்டில் தாளம் கிடையாது. ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் ராகமும். ஒரு படி ஏறும், நிற்கும், இரண்டு படி இறங்கும். ஏறியதற்கான காரணம் இறங்கும்போதுதான் தெரியும். அவள் குரலில் நடுக்கம் இல்லை, குழைவு இல்லை, கேட்பவனை அழவைக்கும் எண்ணமே இல்லை. ஒவ்வொரு அடியும் முடிந்த பிறகு மேலே கூரையில் கொஞ்ச நேரம் தங்கியது, அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் செருப்பில்லாத கால்கள் தரையில் நகரும் சத்தம் கேட்டது. அதுவும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. என் பெட்டியில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, மரம்தான் இருக்கிறது. அவள் அந்த நடுவில் போய் நின்றாள். அங்கே நிற்க இடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சிலுவைப் பாதத்தில் குனிந்த கிழவர்கள் எழுந்திருக்க மறந்து அப்படியே கிடந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பக்தி வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் எரிந்ததுதான் உண்மை. நான் ஐம்பத்திரண்டு ஞாயிறும் மிதி மிதி என்று மிதித்தும் ஒரு ஆள் இப்படி மெய்மறந்து நின்றதில்லை. நான் பூட்டப்பட்டிருந்த ஒரு மத்தியானத்தில் கோயில் கோயிலாகிவிட்டது.

ஒன்றே ஒன்று எனக்குக் கிடைத்தது. மூன்றாவது அடியில், ஒரு நீளமான சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் அவள் தோள் ஏறியது. நடுச்சொல்லில் மூச்சு வாங்கினாள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அது என் தொழில், அதனால் எனக்குக் கேட்டது. அடுத்த வருடமும் அதே இடத்தில் அப்படித்தான் வாங்கினாள். அதற்கு அடுத்த வருடமும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பாள். ஏன் சொல்ல வேண்டும்? அது எனக்கிருந்த ஒரே ஆறுதல். பெரிய வெள்ளி தோறும் மூன்றாவது அடிக்காகக் காத்திருப்பேன். அங்கே மூச்சு உடைந்ததும் எனக்கு நெஞ்சு லேசாகும்.

பாட்டு முடிந்து இறங்கி வருகிறவளிடம் பாதர், “நல்லா இருந்துச்சும்மா” என்பார். வருடா வருடம் தவறாமல் சொல்வார். என்னிடம் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. ஈஸ்டர் அன்று நான் பழிவாங்குவது போல எல்லாக் குமிழையும் இழுத்து வைத்து வாசித்தால், அவர் காணிக்கை நேரத்தில் பீடத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார். ஒத்திகையில் தள்ளிவிட்டுப் போவது மட்டும் குறையவே இல்லை. ஒரு முறை துணிந்து கேட்டேன். பெரிய வெள்ளிப் பாட்டுக்குக் கீழே ஒரே ஒரு சுருதியை, காது கேட்காத அளவுக்கு மெல்லப் பிடித்துக்கொள்ளட்டுமா, அவளுக்கும் தாங்கலாக இருக்கும் என்றேன். சாவிக்காகக் கையை நீட்டினார், அவ்வளவுதான் பதில். வீட்டில் என் மனைவி சிரிப்பாள். “அந்தம்மா பாட்ற அன்னிக்கு மட்டும் உனக்குக் கஞ்சி எறங்க மாட்டேங்குதே, அது ஒருசந்தியா இல்ல வவுத்தெரிச்சலா?” என்று கேட்பாள். ஒருசந்தி, நோன்புதான் என்று சொல்வேன்.

பாதருக்கு வயதாகித் திருப்பதி பக்கம் முதிய குருக்கள் இல்லத்துக்குப் போய்விட்டார். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன், பெட்டியை மட்டும் விடவில்லை. மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் அவரைப் பார்ப்பேன். மலைக்குப் போகிற கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, வேட்டி மடிப்பில் அவருக்குப் பிடித்த வறுகடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டே போவேன். போனால் அவர் அதிகம் பேச மாட்டார். பெட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார். நன்றாக இருக்கிறது என்றால், “மழைக்கு ஊறப்போவுது, பாத்துக்கோ” என்பார்.

அப்புறம் அவர் படுத்துவிட்டார். திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ரீத்தம்மா. அவளுக்கு அதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகியிருந்தது, பெரிய வெள்ளிப் பாட்டுக்கு மட்டும் சித்தூர் வந்து போவாள். அவர் வாய் துடைப்பதும் அவள்தான், மருந்து கொடுப்பதும் அவள்தான். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடலைப் பொட்டலத்தோடு வாசலில் நின்றேன். அதைச் சாப்பிடும் நிலையில் அவர் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பியதும் அவள்தான். அனுப்பும்போது நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள். அது இன்னும் எரிந்தது.

அவர் போய்விட்டார் என்ற செய்தி வந்த அன்று அழுவதற்கு முன்னால் எனக்குத் தோன்றியது பெட்டிதான். பாதருக்கு நான் வாசிக்கப்போகும் கடைசிப் பூசை. இந்த முறை யார் வந்து குமிழைத் தள்ளப்போகிறார்கள்? வேண்டாம், நானே ஒரே ஒரு குமிழோடு, அவர் விரும்பியபடி, கடைசிச் சொல் தனியாக நிற்கும்படி வாசிக்கப்போகிறேன். அவர் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை அவர் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாவது சொல்லட்டும். விடிந்ததும் கோயிலுக்குப் போய்த் தூசி தட்டி ஒவ்வொரு கட்டையாகத் துடைத்து வைத்தேன். உடலோடு திருப்பதியிலிருந்து வேனில் வந்து இறங்கிய ரீத்தம்மா நேராக என்னிடம் வந்தாள்.

“பெட்டி வேணாம்னு பாதர் சொல்லிட்டாரு மாஸ்டர். சாவி குடுங்க.”

கையை நீட்டினாள். அவர் நீட்டுவது போலவே நீட்டினாள்.

பாதருக்குப் பின் வந்திருந்த பங்குத்தந்தையைப் பார்த்தேன். ஆமாம், தன்னிடமும் அப்படித்தான் சொல்லப்பட்டது, பெரியவர் விருப்பம் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ரீத்தம்மாதான் என்றார். சாவியை அவள் கையில் வைத்தேன், வைத்தேன் என்பதை விடப் போட்டேன் என்று சொல்லலாம். பின்னால் போய் நிற்கப்போனவனை அவளே கூட்டிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில், பாதருடைய தம்பிக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார வைத்தாள். பெட்டி பிடுங்கிய பாவத்துக்கு நல்ல இடம் கொடுத்துச் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன்.

குருவானவர் என்பதால் தலை பீடத்தின் பக்கமும் கால் எங்கள் பக்கமுமாக வைத்திருந்தார்கள். முகம் எங்களைப் பார்த்திருந்தது. ஃபேனை நிறுத்தினார்கள். அவள் பாடினாள். பழைய லத்தீன் இரங்கல் பாட்டு. காலால் மிதிப்பதற்கோ கையால் அழுத்துவதற்கோ ஒன்றும் இல்லாமல், யாருடைய தோளையும் கவனிக்க வேண்டிய வேலை இல்லாமல், ஒரு பாட்டை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டாவது அடியிலேயே உடைந்துவிட்டேன். பாதருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போட்டு அழுதேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது அவளை நிறுத்தினேன். இதை அவர் சொன்னாரா, இல்லை நீயே சொல்லிக்கொண்டாயா என்று கேட்டேன். அத்தனை வருடமும் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் கேட்டேன். கடைசி நாளிலுமா என்னைத் தள்ளிவிட்டு நீ நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவள் வாய் கோணியது. சொல்லாமலே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள் போல, என் பேச்சு அவளைக் கிளப்பிவிட்டது.

“‘எழவு வூட்ல வூட்டுக்காரன் அடுப்பு மூட்டுவானாம்மா? அந்தோணிய வாசிக்க வுடாதீங்க. அவன் குந்திக்கினு அழட்டும். நீ பாடு’ன்னாரு. போதுமா? ராவும் பகலுமா பக்கத்துல நின்னு மலம் மூத்திரம் எடுத்தது நானு. வூட்டு ஆளு நீங்க. நான் யாரு? அடுப்பு மூட்டிக் குடுக்க வந்த பக்கத்து வூட்டுக்காரி.”

எங்கள் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். வீட்டு ஆட்கள் உட்கார்ந்து அழ வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வேலை. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன். அவள் எதிரில் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அவள் விடவில்லை. “ஒங்க பெட்டிகிட்ட வந்து அந்தக் குமிழத் தள்ளிட்டுப் போவாரே, அதப் பாக்கறப்பல்லாம் எனக்கு எப்பிடி இருக்கும் தெரியுமா? எனக்கு வெறும் ‘நல்லா இருந்துச்சும்மா’, அவ்ளோதான். பஸ்ல எடம் குடுத்தவங்களுக்குச் சொல்றமாரி. இத்தினி வருசத்துல ஒரு எடத்துல கூடவா நான் தப்பா பாடியிருக்க மாட்டேன்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னயும் திருத்தியிருக்கக் கூடாதா?”

மூன்றாவது அடி என் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். அவரோ போய்விட்டார். அந்தக் குறையைத் தெரிந்தவன் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான். அதையும் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

அடுத்த தவக்காலம் முழுக்க அது என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின ஒத்திகையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள், பங்குத்தந்தை பின் பெஞ்சில் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அடி வந்தது. தோள் ஏறியது. நான் எழுந்து போய் அவள் பாட்டை நிறுத்தினேன். நடுச்சொல்லில் மூச்சு வாங்குகிறாய், அதற்கு முந்தின சொல்லிலேயே வாங்கிக்கொள், கடைசி எழுத்துவரை காற்று இருக்கும் என்றேன்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள்.

“மொத வருசத்துலேர்ந்து.”

திட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள்.

அந்தப் பெரிய வெள்ளி மத்தியானம் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி பூட்டியிருந்தது. அவள் மூன்றாவது அடியை ஒரே மூச்சில் இழுத்து, கடைசி எழுத்தைக் கூரையில் கொண்டுபோய் வைத்தாள். அது அங்கேயே நின்றது. இத்தனை வருடமும் நான் பத்திரமாக வைத்திருந்த ஒரே குறையும் போய்விட்டது. இனி அந்தப் பாட்டில் எனக்கென்று ஒன்றும் இல்லை. பழைய எரிச்சல் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. பிரியா, உனக்கும் வரும். கீபோர்டை அணைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து கேள். எரிந்தால் எரியட்டும்.

வழிபாடு முடிந்து ரீத்தம்மா இறங்கி வந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். நல்லா இருந்துச்சும்மா என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“நாலாவது அடி கொஞ்சம் அவசரப்பட்டுட்ட” என்றேன்.

“சரி மாஸ்டர்” என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

நாலாவது அடியில் ஒரு குறையும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.